அயல்வீட்டுச் சோறு

— அழாதை எண்டு சொன்னனான். உந்தக் கண்ணோடை போனால் மக்டலீன் படலையிலையே கண்டுபிடிச்சிடுவாள்.

— அடுப்புப் புகை அடிச்சது எண்டு சொல்லுறன்.

— இவ்வளவு வருசம் அடுப்பூதின உனக்கு இண்டைக்குத்தான் புகை அடிச்சதாம். கண்டறியாத பொய்.

— அப்ப நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன்.

— என்னாலை ஏலாது செபஸ்தி. கடலுக்கும் போகேலாமல் நேவி மறிச்சு வைச்சிருக்கிறான், வீட்டிலை குந்தியிருக்கிறவன்தான் நான். எண்டாலும் உந்த வேலை எனக்கு ஏலாது. யாகப்பு என்ன சொல்லிப்போட்டுப் போனவன்? திருப்பிச் சொல்லு.

— அவவின்ரை மோன் அடைக்கலத்தின்ரை சவப்பெட்டி பின்னேரம்தான் வருமாம். அதோடை பங்குச் சுவாமியும் வந்து மக்டலீனக்காவுக்குச் சொல்லுவாராம். அதுக்கு முதல் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாதாம். அடுப்பு மட்டும் எரியாமல் பாக்கட்டாம்.

— அதுதான் வழக்கம். செத்தவீட்டிலை நெருப்பு மூட்டுறேல்லை. அயல்வீட்டுச் சோறுதான், அதுவும் மச்சம் சேக்காமல். அதுக்காகத்தானே பக்கத்து வீட்டிலை முதல் சொல்லுறது.

— இண்டைக்கு அவவின்ரை முறையெல்லே. சென்றியிலை காவல் நிக்கிற பொடியளுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுற நாள். இப்ப உலை வைச்சிருப்பா.

— அப்ப கெதியாப் போ. முதல் சாப்பிடக் குடு. வெறும் வயித்தோடை அவள் உதைக் கேக்கக் கூடாது.

— எங்கடை றெஜியும் அடைக்கலத்தோடை அதே பங்கரிலைதானேயப்பா.

— யாகப்பு ஒரு பேர்தானே சொன்னவன்?

— ஓம்.

— ஒரு பேர்தான். போ. பானையை நேராப் பிடி.

*

— மக்டலீனக்கா! நான் செபஸ்தி. படலை திறந்து கிடக்கு.

— நான்தான் திறந்து வைச்சனான். வா பிள்ளை. உன்னட்டைத்தான் வெளிக்கிட்டனான், நீயே வந்திட்டாய்.

— என்னட்டையோ? ஏன்?

— சும்மா. பலகையை இழுத்துப்போட்டு இரு. கண் என்ன சிவந்து கிடக்கு? ஆரும் வந்து ஏதும் சொன்னவையே?

— இல்லையக்கா. புகை அடிச்சது.

— உன்ரை அடுப்பு இன்னும் எரியுதோ?

— இல்லை, நூத்துப்போட்டுத்தான் வந்தனான். ஏன்?

— நல்லது.

— உங்கடை அடுப்பை ஏனக்கா மூட்டினனீங்கள்? நான் உங்களுக்குச் சோறு கொண்டு வந்திருக்கிறன்.

— மூட்டவேண்டி வந்திட்டுது.

— பார்சலை இண்டைக்கு நான் பாக்கிறன். நீங்கள் பேசாமல் இருங்கோ.

— நீ கட்டினால் அடைக்கலம் கண்டுபிடிச்சிடுவான். நான் வலைமுடிச்செல்லோ போடுறனான். வான் போய் நிண்ட உடனை எல்லாப் பார்சலின்ரை முடிச்சையும் தடவிப் பாப்பானாம். இது அம்மான்ரை எண்டு தூக்கிக்கொண்டு போவானாம். வான் ஓட்டுற கனிசியஸ் சொல்லிச் சிரிச்சவன்.

— ஓமக்கா.

— அதிலை பாதி றெஜிக்குத்தானாம். உன்ரை மோன் கருவாட்டை முதல் திண்டுபோட்டுத்தான் புட்டைத் தொடுவானாம்.

— அவன் சின்னனிலையிருந்து அப்பிடித்தான். அக்கா, சாப்பிடுங்கோ. ஒரு வாய்.

— நீ முதல் சாப்பிடு. சூட்டோடை போட்டுத் தாறன்.

— எனக்குப் பசியில்லை.

— எனக்கும்தான். என்ரை மனுசன் அந்தோனியைக் கடல் கொண்டுபோன அண்டைக்கும் எனக்குப் பசிக்கேல்லை. நீதான் கோப்பையை மடியிலை வைச்சு, குழைச்சு, தீத்தி விட்டனி. சாப்பிட்டால்தான் அக்கா அழ ஏலும் எண்டு சொன்னனி.

— அதை ஏனக்கா இப்ப கதைக்கிறியள்?

— நினைவு வந்தது. மாதாவே, அந்தச் சோறு இல்லையெண்டால் நானும் அண்டைக்கே போயிருப்பன். கையை நீட்டு. கழுவ ஊத்துறன்.

— பொறுங்கோ. இதென்ன, சோறோ? பார்சலுக்கு எப்பவும் புட்டும் கருவாட்டுப் பொரியலும்தானே செய்யிறனீங்கள்?

— இண்டைக்குச் சோறு.

— இலையும் வாட்டேல்லை. நூல்பந்தும் முகட்டிலைதான் தொங்குது. எப்ப கட்டி முடிக்கப்போறியள்? கனிசியஸ் வானோடை வந்திடுவானே.

— கனிசியஸ் காலமையே வந்திட்டுப் போட்டான்.

— எங்கடை படலையைத் தாண்டித்தானே வரவேணும்? ஒவ்வொரு நாளும் ஹோர்ன் அடிச்சு, செபஸ்தி மாமி, உயிரோடை இருக்கிறியளோ எண்டு கத்திப்போட்டுத்தானே போறவன். இண்டைக்குச் சத்தம் கேக்கேல்லையே.

— வானைச் சந்தியிலை விட்டிட்டுப் பின் ஒழுங்கையாலை நடந்து வந்தவன்.

— ஏனாம்?

— உன்ரை பானையைத் திற பாப்பம். என்ன கறி?

— பருப்பு. பூசணிக்காய்.

— மச்சம் இல்லையோ?

— இல்லையக்கா.

— இண்டைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை. தவசு காலமும் இல்லை. குருநகரிலை பிறந்தவள் ஒரு துண்டு மீனில்லாமல் பானை தூக்கிக்கொண்டு என்ரை வீட்டை வந்திருக்கிறாய்.

— அக்கா...

— ஆர் சொன்னது உனக்கு?

— பின்னேரம் சுவாமி வருவார். சுவாமி வரட்டும் அக்கா.

— நான் சுவாமியைக் கேக்கேல்லை.

— யாகப்பு அண்ணை வந்து சொன்னவர்.

— அடைக்கலமோ?

— ஓமக்கா. ராத்திரி பங்கருக்கு மேலை செல் விழுந்து வெடிச்சதாம்.

— ம்.

— அழுங்கோவன் அக்கா. என்னை இப்பிடிப் பாக்காதையுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு.

— உன்ரை சோத்திலை ஒரு வாய் தா.

— இந்தாங்கோ. வாயைத் திறவுங்கோ.

— உப்புக் காணாது.

— போட்டனானோ தெரியேல்லையக்கா. இன்னொரு வாய். ம், விழுங்குங்கோ. அக்கா, அடுப்பிலை இருக்கிற கொள்ளியை இழுத்து விடட்டோ? இந்த வீட்டிலை இனி நெருப்பு எரியக் கூடாது.

— இழு. ஆனால் சோத்துப்பானையைக் கவனமாய் இறக்கி மூடி வை. பக்கத்திலை கறிச்சட்டியும் இருக்கு. அதிலையும் பருப்பும் கத்தரிக்காயும்தான்.

— நீங்களும் மச்சம் சேக்கேல்லையோ? ஆருக்கக்கா இது?

— கனிசியஸ் உன்ரை படலையிலை நிக்கப் பயந்துதான் பின்னாலை வந்தவன்.

— எங்களுக்கு ஏன் பயப்பிடவேணும்?

— கிட்ட வா. என்ரை கையைப் பிடி. யாகப்பு உனக்குச் சொன்னமாதிரி அவனும் எனக்கு ஒரு பேர்தான் சொன்னவன், செபஸ்தி. வீட்டிலை இருக்கிற பிலிப்பு அண்ணையையும் கூப்பிடு, உந்தச் சோறு நான் உங்கடை வீட்டுக்கெண்டு வைச்சது.