ஊசலைப் பிடித்திருந்த இருபது நிமிடம்

ஊசல் கடிகாரம் நேரம் தவறினால் எல்லோரும் கடிகாரத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள். முதலில் சுவரைப் பார்க்க வேண்டும், மேடம். பாதிக் கடிகாரங்களுக்கு வியாதி சுவரில்தான் இருக்கிறது.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்றீர்கள். அதனால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் இசக்கிமுத்து. கோவில்பட்டிக்குத் தெற்கே இருந்து பிழைக்க வந்தவன். வீரபாண்டிப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சாயப்பட்டறையில் பதினேழு வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நீங்கள் அங்கே பார்த்த கடிகாரம் எங்கள் முதலாளி மருதாசலத்தின் தகப்பனார் முதன்முதலில் பனியன் கம்பெனி போட்டபோது வாங்கியது. எங்கள் பட்டறையில் மேனேஜர் முதற்கொண்டு எல்லோருடைய செல்போனையும் கைக்கடிகாரத்தையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாய மெஷின்களுக்குத் தனித்தனியாக டைமர் உண்டு. மற்றபடி ஷிஃப்ட் தொடங்குவது, முடிவது, ரெஜிஸ்டரில் எழுதுவது எல்லாம் அந்தக் கடிகாரத்தின்படிதான். "உங்க செல்லு என்ன வேணா சொல்லட்டுங்க. இந்தக் கேட்டுக்குள்ள எங்கய்யன் கெடியாரந்தானுங்க நேரம்" என்பார் முதலாளி. அதில் அவருக்கு ஒரு பெருமை.

என் மகன் முனீஸ் அதே பட்டறையில் சாய மெஷின் ஆபரேட்டராக இருந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவன் மேலே வரவில்லை. அவனுக்கு இருபத்தைந்து வயது.

தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்பது சட்டம். அது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களிடம் இருந்தது வேறொரு விதி. மூடியைத் திறந்து, புளோயரை உள்ளே விட்டு, நாற்பது நிமிடம் ஓட்டி, விஷக்காற்றை வெளியேற்றிய பிறகு ஆள் இறங்கலாம். புளோயர் போட்ட நேரத்தையும் ஆள் இறங்கிய நேரத்தையும் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது மேனேஜர் ராஜவேலின் வேலை. அன்றைக்கும் அவர் நாற்பது நிமிடம் என்றுதான் எழுதியிருந்தார். விசாரணைக்கு வந்தவர்கள் தங்கள் வாட்சோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கடிகாரம் பதினைந்து நிமிடம் முன்னால் இருந்தது.

"கெடியாரம் முன்னால ஓடிருக்குதுங்க சார். நான் அதைப் பாத்துத்தானுங்க எறக்குனேன்" என்றார் ராஜவேல். அழுதுகொண்டுதான் சொன்னார். பழைய கடிகாரம், பழுதாகிவிட்டது, விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

நான் ஃபிட்டர், மேடம். சனிக்கிழமை சாயங்காலம் சரியாக இருந்த கடிகாரம் ஞாயிறு காலையில் பதினைந்து நிமிடம் தாவாது. ஒரு நாளைக்கு அரை நிமிடம் தவறலாம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். அதனால் ராஜவேல் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். அவரே முள்ளைத் தள்ளிவிட்டுக் கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் எனக்கு இது நிச்சயமாகிவிட்டது.

முதலாளியிடம் போய்க் கடிகாரத்தை என் பொறுப்பில் விடும்படி கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். துக்கத்தில் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அது தொங்கிய ஹாலோ பிளாக் சுவருக்குப் பின்னால் துணி பிழிகிற மெஷின் இருந்தது. அது சுற்றும்போதெல்லாம் சுவர் அதிர்ந்தது, ஊசலின் ஆட்டம் கெட்டது. கடிகாரத்தைக் கான்கிரீட் தூணுக்கு மாற்றி, மேலே ஒன்றும் கீழே இரண்டுமாகத் திருகு போட்டு அசையாமல் நிறுத்தினேன். அப்புறம் அதன் சத்தத்தைக் கேட்டேன். 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் நடுவில் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். இது நொண்டி நடப்பதுபோல் நடந்தது. பெட்டியை நூல் அளவு நகர்த்தி நகர்த்தி அதைச் சமமாக்க இரண்டு நாளானது. யாரோ தையல் மெஷின் ஆயிலை உள்ளே ஊற்றியிருந்தார்கள். திருப்பூர்க் காற்றில் பஞ்சு பறக்கும். ஆயிலும் பஞ்சும் சேர்ந்து பல்சக்கரங்களில் களிம்பாகப் படிந்திருந்தன. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, ஊசிமுனையால் ஒரு சொட்டு மட்டும் வைத்தேன். கதவின் ஓரத்தில் கம்பளித்துணி ஒட்டி அடைத்தேன். மணி அடிக்கும் பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பெரிதாகக் காரணம் இல்லை. அன்றைக்குச் சத்தம் பிடிக்கவில்லை.

அப்படியும் சித்திரையில் பின்தங்கியது. ஊசலின் தண்டு இரும்பு. வெயிலில் இரும்பு நீளும். தண்டு நீண்டால் ஆட்டம் மெதுவாகும். நேர்நார் ஓடிய பழைய தேக்கில் தண்டு செய்து, நீராவி ஏறாமல் இருக்க அதற்கு நான்கு கை வார்னிஷ் அடித்தேன். குண்டுக்கு அடியில் இருக்கும் மரையைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். ஆனால் கடைசி இரண்டு மூன்று நொடிகளை மரையால் பிடிக்க முடியாது. அதற்குத் தண்டின் நடுவில் சின்னத் தட்டு ஒன்று பொருத்தி, குழந்தைகள் பனியனுக்கு அடிக்கிற ஸ்னாப் பட்டன்களை அதில் வைத்தேன். ஒரு பட்டன் வைத்தால் கொஞ்சம் வேகம், எடுத்தால் வேகம் குறையும். ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலியை வைத்து வாரா வாரம் சரிபார்த்தேன். மூன்றாவது வருடத்தில் அது வாரத்துக்கு மூன்று நொடிக்கு மேல் தவறவில்லை.

பட்டறையில் இது பெரிய பேச்சாகிவிட்டது. கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் ராக்கையா காலையில் என்னைப் பார்த்தால், "அண்ணாச்சி, சூரியன் இன்னைக்கு ரெண்டு நொடி லேட்டு. உள்ள விடலாமா, இல்ல லீவு போட்டுத் திருப்பி அனுப்பிரலாமா?" என்பார். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருபவர்களைக் கடிகாரத்துக்கு முன்னால் நிறுத்தி, அவர்கள் செல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார் முதலாளி. அந்தக் கடிகாரம் தவறும் என்று நம்ப ஒரு ஆள் பாக்கி இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ராஜவேல் உண்மையைச் சொல்ல வேண்டும். அதை யாரும் நம்பக் கூடாது. முதல் தடவை அவர் சொன்ன அதே வார்த்தையைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ரித்தீஷ் ராஜவேலின் ஒரே மகன். இன்ஜினியரிங் படித்துவிட்டு எங்கள் பட்டறைக்கே சுத்திகரிப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்தான். நல்ல பையன். அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். முனீஸ் நினைவு நாளில் என் வீட்டுக்கு வருவான். என் மனைவி முத்துப்பேச்சி அவனுக்குச் சாப்பாடு போடுவாள். "ஏனுங்க அண்ணாச்சி, ஒரு பட்டன் எடுத்தா எனக்கு அஞ்சு நிமிசம் தூக்கம் கூடக் கெடைக்குங்களா?" என்று கேட்பான். "அஞ்சு நிமிசத்துக்கு நீ ஒரு மூட்டை பட்டன் எடுக்கணும்லே" என்பேன். சிரிப்பான். நானும் சிரிப்பேன். அவன் வேலைக்கு வந்தபோது அவனுக்கு இருபத்து மூன்று. நான் காத்திருந்தேன். இந்த வருடம் பங்குனியில் அவனுக்கு இருபத்தைந்து முடிந்தது.

தொட்டியின் மோட்டார் தானாக ஓடி நிற்பதற்கு உள்ளே ஒரு மிதவை உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கம்பியை விட்டு, அந்த மிதவையில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிச் சிக்கவைத்தேன். இனி ஆள் இறங்கித்தான் அதை எடுக்க முடியும். முனீஸுக்குப் பிறகு தொட்டியில் இறங்கக் கூலிக்காரர்கள் யாரும் சம்மதிப்பதில்லை. ரித்தீஷும் பிறரை இறங்கச் சொல்லமாட்டான். அவனே இறங்குவான் என்று எனக்குத் தெரியும். நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா. விஷக்காற்றைக் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கியிருந்தார்கள். அது பேட்டரி இல்லாமல் பீரோவில் கிடந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

ஞாயிறு காலை எட்டு ஐந்துக்குப் புளோயர் போட்டார்கள். ராஜவேல் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு ஆபீசில் உட்கார்ந்து டெலிவரி சலான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் மூழ்கியவனுக்கு இருபது நிமிடமும் நாற்பது நிமிடமும் ஒன்றுதான். எட்டு பன்னிரண்டுக்கு, வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை செய்வதுபோல, கதவைத் திறந்து சாவி கொடுத்தேன். பிறகு பெரிய முள்ளை இருபது நிமிடம் முன்னால் தள்ளினேன். பதினைந்து போதும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் ஐந்து சேர்த்தேன்.

கடிகாரம் எட்டே முக்கால் காட்டியபோது உண்மையான நேரம் எட்டு இருபத்தைந்து. ராஜவேல் ஆபீசிலிருந்து வந்து கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார், எழுதினார், தொட்டிப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன்.

"அப்பா, நாப்பது ஆச்சுங்களா?"

"ஆச்சு கண்ணு. எறங்கு. பாத்து, ஏணி வழுக்கும்."

இதைக் கேட்பதற்காகத்தான் ஆறு வருடம். கேட்டேன். ஏணி வழுக்கும் என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கேட்டிலிருந்து ஆம்புலன்ஸுக்கு எட்டு முப்பத்தொன்றுக்குப் போன் போனது. அது உங்களிடம் பதிவாகியிருக்கிறது. வடக்கத்திப் பையன் ஒருவன் கயிறு கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தான். வேறு யாரும் இறங்கக் கூடாது என்று கத்தித் தடுத்துவிட்டுத்தான் கடிகாரத்திடம் திரும்பிப் போனேன். எனக்கு மற்றவர்களோடு பகை இல்லை.

முள்ளைப் பின்னால் தள்ளினால் பல்சக்கரம் கெடும். ஆகவே ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினேன். இருபது நிமிடம் என்றால் ஆயிரத்து இருநூறு நொடி. மனதுக்குள் எண்ணினேன். வெளியே ராஜவேலின் சத்தம் கேட்டது. எண்ணிக்கை தவறக் கூடாது என்பதால் அதில் கவனம் வைக்கவில்லை. ஆயிரத்து இருநூறு வந்ததும் ஊசலை விட்டேன்.

ஒன்பது பத்துக்கு நீங்கள் வந்தீர்கள். உங்கள் செல்லை எடுத்துக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "கரெக்டா இருக்கு" என்றீர்கள். பதினொரு நொடி பின்தங்கியிருந்தது, மேடம். கொஞ்சம் மெதுவாக எண்ணிவிட்டேன். அது இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஆள் இறங்கியது எட்டே முக்கால் என்கிறது ரெஜிஸ்டர். ஆம்புலன்ஸை அழைத்ததோ எட்டு முப்பத்தொன்று. நாற்பது நிமிடம் புளோயர் ஓட்டாமல், நேரத்தை முன்கூட்டியே பொய்யாக எழுதி, பெற்ற மகனை இறக்கியிருக்கிறார். இரண்டாவது சாவு, அதே ஆளின் கையெழுத்து. "கெடியாரம் முன்னால ஓடுச்சுங்க மேடம், என்ற கண்ணால பாத்தனுங்க" என்று அவர் உங்கள் காலில் விழுந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உங்கள் கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி சொன்னார்: "போதும் ராஜவேலு. ஊருக்கே தெரியும் அந்தக் கெடியாரம் தப்பாதுன்னு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். மனசாட்சி என்று எழுத வேண்டாம். அது இல்லை.

போன வாரம் சிறையில் அவரைப் பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க கெடியாரம் தப்பாதுங்க அண்ணாச்சி. நாந்தான் முள்ளைத் தப்பாப் பாத்துப்போட்டேன். என்ற பையன நானே கொன்னுபோட்டனுங்க" என்றார். வக்கீலிடமும் அப்படியே சொல்லிவிட்டாராம். அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார், மேடம். தான் பார்த்தது உண்மை என்று தெரிந்தும் அதை ஒருவர்கூட நம்பாமல் கிடந்து துடிக்க வேண்டும், அதற்காகத்தான் இதைச் செய்தேன். தப்புத் தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டால் அதில் நான் எங்கே இருக்கிறேன்? அவர் சரியாகத்தான் பார்த்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். யார் தள்ளியது என்று தெரிய வேண்டும். என் கையெழுத்தோடு அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள்.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், ஆறு வருடத்துக்கு முன்னால் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது யார் என்று.

நான்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும். அப்போது வேறெதுவும் பார்க்கமாட்டேன், சாவி மட்டும்.

அன்றைக்கு அருள்புரத்தில் முனீஸுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் நேரம் நன்றாக இல்லை, அதற்குள் வந்துவிடுங்கள் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அவனை முன்னாலேயே விடும்படி ராஜவேலைக் கேட்டேன். "கெடியாரம் பதினொன்னரை காட்டட்டுங்க அண்ணாச்சி, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. நான் விட்டா முதலாளி என்னையத் திட்டுவாரு" என்றார். பதினொன்றரைக்குக் கிளம்பினால் பஸ் கிடைக்காது. சாவி கொடுக்கும்போது பதினைந்து நிமிடம் தள்ளி வைத்தேன். அன்றைக்குத் தொட்டி வேலை இருப்பதோ, அதற்கு முன்பே புளோயர் போட்டு நேரம் எழுதியிருந்ததோ, அதில் அவனை இறக்கப் போவதோ எனக்குத் தெரியாது. ராஜவேல் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

முத்துப்பேச்சிக்கு இது தெரியாது. நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ராஜவேலிடம் இரண்டாவது தடவை நடந்ததை மட்டும் படித்துக் காட்டினால் போதும். முதல் தடவை செய்தது பெற்ற பாசத்தில் செய்தது, மேடம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.