புதன்கிழமைக்கு நாற்பத்தொரு பேர்

இந்த மேடைக்குத் தலைமை தாங்கி, எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்ன போதகர் ஐயா அவர்களே. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, இவள் பேச்சை நிறுத்த இது ஒன்றே வழி என்று மணியைக் கையிலேயே பிடித்திருக்கும் மூப்பர் ஐயா அவர்களே. காணிக்கைப் பையைக் கண்ணின் மணியாகக் காக்கும் பொருளாளர் ஐயா அவர்களே. முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு முதல் வரிசைக்கு வந்திருக்கும் பெரியவர்களே. மடியில் பிள்ளையும் பிள்ளை வாயில் பிஸ்கட்டுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே. மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்த புத்திசாலிகளே, இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும் பொறுமைசாலிகளே. சமையலறைக் கதவோரம் ரொட்டித் தட்டோடு நின்று, பெரியம்மா இன்றைக்கு என்ன உளறப் போகிறாளோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் என் செல்லங்களே! மாவு பிசைந்து மரத்துப்போன இந்த இரண்டு கைகளையும் கூப்பி, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம், என் ஸ்தோத்திரம்.

நான் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதோ. போதகரம்மா அங்கிருந்து கையைக் கையை ஆட்டுகிறார், தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனாம். நேராகப் பிடித்தாலும் எனக்கு அது அப்படித்தான் அம்மா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இதில் முதல் வரியிலேயே மாபெரும் சமூகத் தீமை என்று இருக்கிறதாம். மாபெரும் தீமையை நான் பார்த்ததில்லை ஐயா. நான் பார்த்தது ஒரு சின்ன நீலப் பெட்டி. ஒரு சக்கரம் உடைந்த பெட்டி. என் மகளின் பெட்டி. அதை அவள் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான்.

சிரிக்கிறேன் என்று பார்க்கிறீர்களா? மகளைப் பறிகொடுத்தவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாளே என்று அந்த ஓரத்தில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவின் காதைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. பக்கத்து அம்மா, அவருக்கு நீங்களே சொல்லுங்கள், இன்றைக்கு இவளை ஒன்றும் செய்ய முடியாது என்று. காலையில் நடந்தது அப்படி. எங்கள் விடுதியில் பதினோரு பெண்பிள்ளைகள். இந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, இருக்கிற ஒரே ஒரு கண்ணாடிக்கு அடிதடி. ஒருத்தி சீப்பைப் பிடுங்க, ஒருத்தி பின்னலைப் பிடித்து இழுக்க, "மூஞ்சியப் பாரு, இதுக்குக் கண்ணாடி ஒரு கேடு" என்று ஒருத்தி சொல்ல, ஒரே கூச்சல். ஒரு வருஷத்துக்கு முன் இந்தப் பிள்ளைகள் கண்ணாடி இருந்த சுவர்ப் பக்கமே திரும்பியதில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைத்த பிள்ளைகள். இன்றைக்குச் சண்டை போடுகிறார்கள்! நான் கதவில் சாய்ந்து சிரித்தேன், சிரித்தேன், விக்கல் வரும்வரை சிரித்தேன். என் மகளுக்கும் அப்படித்தான். சிரித்தால் விக்கும், விக்கினால் இன்னும் சிரிப்பாள். யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள், தேவைப்படும்.

பெட்டிக்கு வருகிறேன். எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு மூன்று வாரம் ஒரு பெண் வந்தாள். சிரித்த முகம். எல்லாரையும்விட உரக்கப் பாடினாள். கையுறை தைக்கும் கம்பெனி, தங்க இடம், நேரத்துக்குச் சாப்பாடு, இரண்டு வருஷம் வேலை பார்த்தால் அந்தச் சேமிப்பில் நர்ஸ் படிப்பு என்று சொன்னாள். நர்ஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே என் மகளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. நான் சும்மா அனுப்பினேனா? துருவித் துருவிக் கேட்டேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். குளிக்க வெந்நீர் உண்டா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு விடுவார்களா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்ட நான் ஒன்றை மட்டும் கேட்கவில்லை தாய்மார்களே. கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

கேட்கத் தெரியவில்லை. இனி நீங்கள் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு வேலை என்று எவர் வந்தாலும், எத்தனை பாட்டுப் பாடினாலும், தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கேளுங்கள்.

அங்கே அது வெளிப்பக்கம். ஓர் அறை, பன்னிரண்டு தையல் மிஷின், பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு ஜன்னல். முறை வைத்து, ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஜன்னலில் நிற்பார்களாம். ஒருத்தி மேகத்தைப் பார்ப்பாள், ஒருத்தி தெருநாயைப் பார்ப்பாள். என் மகள் தன் முறையில் கணக்காகப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் இல்லையா? பார்த்ததையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதினாள். நாங்கள் பன்னிரண்டு பேர். வெளியே பூட்டு. ரயில் சத்தம் கேட்கிறது. தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, அதன் ஏணியில் மூன்றாம் படி இல்லை. கீழே நம் போதகர் ஐயாவின் போன் நம்பர். சபைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே, பிள்ளைகளுக்கெல்லாம் அது மனப்பாடம். அந்தத் தாளைச் சுருட்டி ஒரு கையுறையின் சுண்டுவிரலுக்குள் திணித்துத் தைத்துவிட்டாள்.

அவளுக்குப் பக்கத்து மிஷினில் இருந்தவள் கடுகு. அது நான் வைத்த பேர். ஆளும் அந்த அளவு, காரமும் அந்த அளவு. அவளிடம் கேட்டுத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். "சொல்லிக்கோங்க பெரியம்மா, ஆனா என் பக்கம் கை காட்டக் கூடாது" என்றாள். நான் காட்டவில்லை. நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள். சொல்லச் சொல்லத் திரும்புகிறாரே பொருளாளர் ஐயா, அவரை யாராவது நேராக உட்கார வையுங்கள்.

அந்தக் கடுகிடம் என் மகள் சொன்னாளாம்: "யாராவது தடிச்ச விரல்காரன் இதை வாங்கணும்னு ஜெபம் பண்ணுடி. ஒல்லி விரல்காரன் வாங்கினா அவனுக்குத் தெரியவே தெரியாது." இரண்டு பேரும் மிஷின் சத்தத்துக்குள் முகத்தை மறைத்துச் சிரித்திருக்கிறார்கள். இவளுக்கு விக்கல் வேறு.

கேட்டீர்களா ஜெபத்தை? தடித்த விரலுக்காக எவராவது கண்ணீரோடு ஜெபித்ததுண்டா? கர்த்தர் கேட்டார். தோட்டக்கார அண்ணே, எழுந்து நில்லுங்கள். வெட்கம் எதற்கு? அந்தக் கையைத் தூக்கிக் காட்டுங்கள். பாருங்கள் சபையாரே, அது விரலா, வாழைப்பழச் சீப்பா? ரோஜாச் செடி வெட்டக் கையுறை வாங்கினார் இந்த அண்ணன். போட்டுப் பார்த்தால் சுண்டுவிரல் நுழையவில்லை. "சுண்டுவிரலுக்கு இடம் விடாமத் தைச்சிருக்கான் பாரு" என்று கடைக்காரனைத் திட்டினாராம். "கையுறைய ஏன் குறை சொல்றீங்க, தின்னு தின்னு விரல் ஊதிக் கெடக்கு" என்றாராம் பக்கத்திலேயே இருக்கும் இந்த அண்ணி. அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அண்ணி, தலையில் இருந்த ஊசியை உருவி, உள்ளே விட்டுக் கிளறினார். வந்தது தாள்.

குப்பை என்று போட்டிருக்கலாமா இல்லையா? இரண்டு பேருமே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள், என்னைவிட ஒரு படி மேல். ஆனாலும் உட்கார்ந்து கூட்டினார்கள். கூட்டி முடித்ததும் சண்டை நின்றது. போன் போட்டார்கள்.

அதற்குப் பிறகு போதகர் ஐயாவும், இந்த அறப்பணிச் சங்கத்துப் பிள்ளைகளும், போலீஸும் ரயில் பாதை ஓரமாகவே தண்ணீர்த் தொட்டி தேடிப் போனார்கள். பதினேழு தொட்டி. பதினேழாவது தொட்டியில் ஐயாவே ஏறினார். மூன்றாம் படி இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது ஐயாவின் கண் அல்ல, கால். விழுந்த ஐயாவே சிரிக்கிறார், நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம். விழுந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஜன்னல். ஜன்னலில் ஒரு முகம்.

பூட்டை உடைத்தார்கள். எண்ணினார்கள். பதினொன்று. தாளில் பன்னிரண்டு என்று இருக்கிறதே என்று மறுபடி எண்ணினார்கள்.

கையுறை கடைக்குப் போக வேண்டும், தொங்க வேண்டும், விலைபோக வேண்டும். நாள் ஆகத்தானே செய்யும்? என் மகளுக்குக் காய்ச்சல் கண்டு, கதவைத் திறக்கச் சொல்லிப் பிள்ளைகள் தட்டித் தட்டிக் கை வீங்கி, திறக்காமலே அவள் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஈரத்துணியை அவள் நெற்றியில் வைத்துக்கொண்டே இருந்தவள் கடுகு.

தண்ணீர் கொடுங்கள். விக்கல் இல்லை. சும்மா.

நூறு ஆட்டில் காணாமற்போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். என் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லையே என்று ஆறு மாதம் நான் ஆலயப் படியே மிதிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மாவு பிசையும்போது தோன்றியது. என் ஒன்றும் தொலைந்ததுதான். ஆனால் தொலைந்த அந்த ஒன்று, தான் தொலைந்த இடத்தில் இருந்துகொண்டே மற்ற பதினொன்றையும் மீட்டுக் கொடுத்துவிட்டதே! ஆடாகப் போனவள் மேய்ப்பனாகி நின்றாளே! இவளைப் பெற்ற வயிறு சிரிக்காமல் என்ன செய்யும்?

மணி கேட்டது மூப்பர் ஐயா. நான் செவிடு இல்லை, செவிடு மாதிரி இருக்கிறேன். பொருளாளர் ஐயா வேறு பையைக் காட்டிச் சைகை செய்கிறார். சொல்லிவிடுகிறேன். பை வரும், போடுங்கள். விடுதி வாடகைக்கு, வக்கீலுக்கு, நர்ஸ் படிக்கப் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு, ரொட்டி அடுப்புக்கு. விடுதிப் பிள்ளைகளும் நானும் நடத்தும் கடையில் முதலில் சுட்ட ரொட்டியைக் கடித்துப் பல்லை ஆட்டிக்கொண்ட பல் வைத்தியர் இங்கேதான் இருக்கிறார், அவர் கொஞ்சம் கூடவே போடலாம். இன்றைக்கு ரொட்டி பஞ்சு மாதிரி, பயப்படாமல் சாப்பிடுங்கள்.

ஆனால் நான் கேட்க வந்தது பைக்குள் அடங்காது. வழக்கு நடக்கிறது. கூண்டில் கையுறைப் பட்டறைக்காரரும், அந்தச் சிரித்த முகக்காரியும். என் மகள் எப்படிப் போனாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லக் கடுகு ஒருத்தியால்தான் முடியும். போன தடவை போனோம். அவர்கள் பக்கத்து பெஞ்சுகளில் நாற்பது பேர். நான் எண்ணினேன், எண்ணத் தெரியும் எனக்கு. இஸ்திரி போட்ட சட்டைகள், கைக்கடிகாரங்கள், வாசனைத் தைலம். நம் பக்கம் நான், போதகர் ஐயா, இரண்டு பேர். கடுகு வாயைத் திறந்தாள். நாற்பது பேரும் ஒன்றாகத் தொண்டையைக் கனைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். பிள்ளைக்குக் குரல் எழவில்லை. நீதிபதி அம்மா நல்லவர், மறு தேதி கொடுத்தார். திரும்பி வரும்போது வேனில் அவள் சீட்டிலேயே உட்காரவில்லை. கீழே, காலடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தாள். "இனிமே நான் வரலை பெரியம்மா. வந்தாலும் வாய் வராது" என்றாள்.

அவளை நான் வற்புறுத்த மாட்டேன். பேசுவதும் பேசாததும் அவள் இஷ்டம். ஆனால் நம் பக்கத்து பெஞ்சு காலியாக இருக்கலாமா? நாற்பது பேர் கனைக்க வரும் இடத்துக்கு, நாற்பத்தொரு பேர் கேட்க வரக் கூடாதா? வருகிற புதன்கிழமை. கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம். கை தட்ட வேண்டாம், தும்மக்கூட வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும். பணம் கொடுத்தவர் உண்டு, பண்டம் கொடுத்தவர் உண்டு. ஒரு புதன்கிழமையைக் கொடுப்பவர் யார்? எவர் வருவார்? எத்தனை பேர் வருவீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன்.

முதல் கை தோட்டக்கார அண்ணன். அந்த ஒரு கையே நாலு கைக்குச் சமம், ஆனாலும் ஒன்றுதான். அண்ணியும் உண்டு, ஊசியோடு வாருங்கள். பாடகர் குழுப் பெண்கள் பத்து. ஆல்டோ குரல் பாடுகிறவர்களும் அதில் அடக்கமா? சரி, இதுவரை பன்னிரண்டு. முடிதிருத்துபவர் கடையைச் சாத்திவிட்டு வருகிறாராம், புதன்கிழமை எல்லாரும் தாடியோடு இருங்கள். பல் வைத்தியர், தையல்கார அக்கா, அவர் மாமியார். மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் கை தூக்குவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். போதகரம்மாவா? சரி. தூண் பக்கத்தில் யார், பஸ் முதலாளியா? "பஸ் நம்மளுது, டீசல் மட்டும் போட்டாப் போதும்" என்கிறார். டீசல் பொருளாளர் ஐயா தலையில். அவர் கையும் தூக்கிவிட்டார், வேறு வழியில்லாமல். சுவரோரப் பொறுமைசாலிகள் பதினாறு பேர், தூக்கிய கையை இறக்காதீர்கள். புத்திசாலிகள் ஐந்தே பேரா? போகட்டும்.

மொத்தம் எத்தனை ஐயா? நாற்பதா? என்னையும் போதகரையும் விட்டுத்தானே எண்ணினீர்கள்? நாங்கள் எப்படியும் போகிறவர்கள், கணக்கில் சேராது. நாற்பதுக்கு நாற்பது. இன்னும் ஒன்று. ஒரே ஒன்று.

மூப்பர் ஐயா மணி அடித்துவிட்டார். நேரமாகிவிட்டதா? இல்லையாம், மணியைப் பிடித்திருந்த கையையே தூக்கிவிட்டாராம்! நாற்பத்தொன்று! விக்கல் வந்துவிட்டது, கேட்கிறதா?

பொறுங்கள். பின்னால் யாரோ என்னவோ சொல்கிறார்கள். கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். யாரும்மா? உரக்கச் சொல்லு.

"பெரியம்மா, பஸ்ஸில ஜன்னலோர சீட் எனக்கு."

இப்போது எல்லாரும் திரும்பிப் பாருங்கள். மாவு அப்பிய அந்தக் கையைப் பாருங்கள். நான் கை காட்டவில்லை, அவளே தூக்கியிருக்கிறாள்.

உனக்குத்தான்டி ஜன்னல். வழி நெடுக உனக்குத்தான். எவர் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிடுகிறேன், போதகர் ஐயாவாக இருந்தாலும் சரி. இடம் பத்தாவிட்டால் நான் படியில் நின்றுகொண்டு வருகிறேன்.

சபையாரே, இனி நான் வாயைத் திறந்தால் விக்கல்தான் வரும். மேடை கொடுத்த தலைவருக்கும், மணி அடித்தும் அடிக்காததுபோல் இருந்த மூப்பருக்கும், தூக்கிய கைகளுக்கும், தூக்க நினைத்துக் கூச்சப்பட்ட கைகளுக்கும் என் நன்றி. ரொட்டி ஆறுகிறது, எழுந்திருங்கள். புதன்கிழமை காலை ஆறு மணி, சபை வாசல். வரும்போது வயிறு நிறையச் சாப்பிட்டு, தொண்டையை வீட்டிலேயே கனைத்துவிட்டு வாருங்கள். வணக்கம்.