வாடை வருதுண்ணே

மாலை ஆறே முக்கால். சுங்கை சிப்புட் ஊருக்கு முன்னால் ஒரு பழைய தோட்டத்துச் சாலை. ரப்பர் போய் இப்போது இரண்டு பக்கமும் செம்பனை. நடுநடுவே, இடித்துப் போட்ட தோட்டத் தொழிலாளர் லயங்களின் சிமெண்டுத் தரை மட்டும் தெரியும். விளக்கு கிடையாது. எதிரே வண்டி வராது...

மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். மின்சாரம் வரும்போது வரட்டும்.

இது நம் சதாசிவத்தின் மாமா மகன் பத்துமலைக்கு நடந்தது. மலாக்கா நீரிணைக்குள்ளேயே புயல் பிறந்ததே, அந்த நவம்பரில். அதுவரை நம் ஆட்கள் யாரும் நம்பியதில்லை. புயல் என்றால் வங்கக் கடலில் பிறக்கும், சென்னைக்குப் போகும். நமக்கும் இந்துமாக் கடலுக்கும் நடுவில் சுமத்ரா படுத்துக் கிடக்கிறது, அதைத் தாண்டி எது வரும் என்பார்கள். பத்துமலையும் அப்படித்தான் சொல்வார்.

அவருக்கு மீன் லோரி. பந்தாய் ரெமிஸ் படகு ஜெட்டியில் ஏற்றி ஈப்போ சந்தையில் இறக்குவார். பல வருஷ வேலை. ஆனால் அந்த நாற்றம் மட்டும் அவருக்குப் பழகவே இல்லை. இறக்கி முடித்ததும் லோரியைச் சோப்புப் பொடி போட்டுக் கழுவுவார். எலுமிச்சையை நறுக்கிக் கையில் தேய்ப்பார். கண்ணாடிக்கு அருகே வாசத்துக்குப் பாண்டான் இலைக் கட்டு ஒன்று தொங்கும். அதன் பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்.

அன்றும் கழுவியாகிவிட்டது. தூறல். ஜன்னல் ஏற்றியிருந்தது.

அந்தத் தோட்டத்துச் சாலையோரம் ஒருவன் நின்றான். சட்டை இல்லை. இடுப்பில் இருந்தது வேட்டியா கைலியா, தெரியவில்லை. நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. கையைக்கூட நீட்டவில்லை. நம் ஆள் மாதிரி இருந்தான். அதனால் நிறுத்தினார்.

ஏறி உட்கார்ந்தான். கதவு மூடியது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது... மீன் நாற்றம் பத்துமலைக்குத் தெரியும். ஐஸ் உருகிய தண்ணீர், செவுள், குடல், ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். இது அதில்லை. மூடி வைத்த வாளியில் பல நாள் ஊறிய துணி. அதற்கு அடியில் இனிப்பாக ஒன்று. பழம் அழுகினால் வருமே, அந்த இனிப்பு. தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

செத்த எலியாக இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். அவரும் அதைத்தான் நினைத்தார். குனிந்து கீழே பார்த்தார். அவன் கால் தெரிந்தது. வெளுத்து, பொதபொதவென்று உப்பி, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து தொங்கியது. விரலிடுக்கில் ஏதோ நெளிந்தது...

நிமிர்ந்துவிட்டார்.

"எங்கண்ணே எறங்கணும்?"

அவன் முகத்தைத் திருப்பவில்லை. "கப்பல் வந்து சேந்துருச்சா?" என்றான்.

குடித்திருக்கிறான் என்று பத்துமலை நினைத்துக்கொண்டார்.

அப்போது கைப்பேசி அடித்தது. தம்பி அர்ச்சுனன். அதே ஜெட்டியில் ஒரு சீன முதலாளி தவுக்கேயின் படகில் வேலை பார்ப்பவன். பத்துமலை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, தவுக்கே இன்னிக்கே கடல்ல எறங்கணுங்கறாரு. வானிலை எச்சரிக்கை என்னமோ போட்டிருக்காம். பாதிப் பேரு படகக் கட்டிட்டாங்க. நீ என்னா சொல்ற?"

"நா என்னத்தடா சொல்றது?"

"நீ வேணாம்னா போகல. தினேஸ்வரி காலைலேர்ந்து ஒரே அழுகைலா. அண்ணன் என்னா சொல்றாரோ அதான்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

தினேஸ்வரி அர்ச்சுனனின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பத்துமலை வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் இருந்தவன் கைப்பேசியை நோக்கிக் குனிந்தான். அவன் வாயிலிருந்து வந்த மூச்சு பத்துமலையின் கன்னத்தில் பட்டது. ஈரமாக. குளிர்ந்து.

"வாடை வருது," என்றான் அவன். "பெரிய வாடை..."

அந்தப் பக்கம் அர்ச்சுனன் சிரித்தான். "யாருண்ணே அது? ஒன் லோரி நாறுதுங்கறான்! எலுமிச்சம்பழம் பத்தலயா?"

பத்துமலைக்கு உச்சந்தலை கொதித்தது. நாறுகிறவன் இவன். கழுவின வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு வாடை என்கிறான்.

"வாடைண்ணே... வாடை வருதுண்ணே..."

"வாய மூடுலா!"

பேச்சை முடித்து முதலில் இவனை இறக்கிவிட வேண்டும். "போயிட்டு வாடா, ஒண்ணும் ஆகாது. சுமத்ரா இருக்குல்ல!" என்று கைப்பேசியைப் பார்த்துக் கத்திவிட்டுத் துண்டித்தார். லோரியை ஓரம் கட்டினார்.

"எறங்கு."

அவன் இறங்கவில்லை. பத்துமலை எட்டி அவன் பக்கத்துக் கதவைத் திறந்தார். தோளில் கை வைத்துத் தள்ளினார். விரல்கள் உள்ளே போயின. அதிகம் இல்லை... வெந்த மரவள்ளிக்கிழங்கில் விரல் போகுமே, அவ்வளவு. ஈரச் சாக்கு விழுகிற மாதிரி வெளியே ஒரு சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். டெட்டால் ஊற்றிக் கழுவினார். கடைசியில் குளோராக்ஸ் பிளீச். தோல் எரிந்தது. நாற்றம் போகவில்லை.

அன்றிரவு காற்று கூரையைப் பிய்த்தது. விடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டார். மணி போகவே இல்லை.

ஜெட்டிக்கு ஓடினார். படகு திரும்பவில்லை. தேடப் போனவர்கள் ஓர் ஐஸ் பெட்டியின் மூடியை மட்டும் கொண்டுவந்தார்கள். அங்கே வலை மடித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் பத்துமலைக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவன். வடக்கே பார்த்துக்கொண்டே சொன்னான்:

"வாடை இன்னும் விடலண்ணே."

"மீன் ஜெட்டில வேற என்னா வாடை அடிக்கும்?"

"அந்த வாடை இல்லண்ணே. வாடைக் காத்து. வடக்கேருந்து வர்றது. எங்கூர்ல கடலுக்குப் போறவன் அப்படித்தான் சொல்லுவான். பெரிய வாடை வருதுன்னா படக எறக்கவே மாட்டோம்."

பத்துமலை கிளாஸைக் கீழே வைத்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வாடை என்றால் நாற்றம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தாத்தாக்களுக்குத் தெரிந்த அர்த்தத்தை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"காத்துன்னா காத்துன்னு சொல்லணும்லா..." என்றார். யாரிடம் சொன்னார் என்று அந்த ஆளுக்குப் புரியவில்லை.

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பத்துமலை தினேஸ்வரியைப் பார்க்கப் போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான்தான் போகச் சொன்னேன், நான் வேண்டாம் என்றிருந்தால் போயிருக்க மாட்டான் என்று.

நல்ல பகல். வீட்டுக் கதவு திறந்திருந்தது. தினேஸ்வரி தலை சீவிப் பூ வைத்திருந்தாள்.

"மெதுவா பேசுங்க மாமா. உங்க தம்பி இப்பத்தான் கண்ணசந்தாரு."

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ குமட்டினார்கள்... அடிவயிற்றிலிருந்து. பிறகு பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம். விழுந்தது... விழுந்துகொண்டே இருந்தது. ஒரு மனித வயிறு கொள்ளாத தண்ணீர்.

"பாத்தீங்களா, முழிச்சிட்டாரு. வந்ததுலேருந்து இப்படித்தான்," என்றாள். "வந்தாரே, அது போதும் மாமா. உங்கமேல கோவம் இல்லன்னு சொல்லச் சொன்னாரு."

சொல்ல வந்ததை அவர் சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். சோறு போட்டுக் கொண்டுவந்து குழம்பு ஊற்றினாள். பொடி இறால். தலை கிள்ளவில்லை. மீசைகள் சோற்றின் மேல் படர்ந்து கிடந்தன.

"சாப்பிடுங்க. கடைக்கே போகலை மாமா. பக்கெட்டுல உசுரோட துள்ளிக்கிட்டு இருந்துச்சு. கொட்ட மனசு வரல."

பத்துமலை அறைக் கதவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எதையும் மறுக்கிற தகுதி அவருக்கு இல்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தார். ஓடு பல்லில் நறநறத்தது.

"உப்பு சரியா இருக்கா மாமா?" என்றாள் தினேஸ்வரி. "நா போடவே இல்ல."