கூரம் சாலையில் எரிந்த உபயம்

காஞ்சிபுரம் நகரத்தாருக்கும், சுற்றுப்பட்டு கிராமத்தாருக்கும், ஆவியுலக அன்பர்களுக்கும் பணிவுடன் தெரிவிப்பது: செத்த பிறகும் தன் பெயரைத் தானே விளக்குப் போட்டுக் காட்டிக்கொண்ட ஒரே தர்மவான் நம் ஊர்க்காரர்தான். மாவட்டத்துக்கே இது பெருமை.

கரண்ட் போய்விட்டது. கருட சேவை புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. நெருங்கி உட்காருங்கள்.

நடுநிசி தாண்டிய நேரம்... கூரம் போகிற சாலை. நடந்தது என் நண்பர் முரளீதரனின் சகலை சீனிவாசனுக்கு. முரளீதரன் இதோ பக்கத்தில்தான் இருக்கிறார். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறார். எதைக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

சீனிவாசன் ஒரு கோயிலில் எலெக்ட்ரிக் வேலை பார்த்தான். அங்கே சன்னதிக்கு எதிரே ஒரு டியூப்லைட். முனைக்கு முனை சிவப்புப் பெயிண்ட்: 'உபயம் பட்டு ஜவுளி பரசுராமன்'. எழுத்து போக மிச்சமிருந்த இடத்தில் வெளிச்சமும் வந்தது. பரசுராமன் செத்து வருஷம் திரும்பவில்லை, புதுத் தர்மகர்த்தா சக்ரவர்த்திக்கு அந்த இடத்தின் மேல் கண் விழுந்தது. அவரிடமும் டியூப் இருந்தது. பெயரும் இருந்தது.

"பீஸ் போச்சுன்னு சொல்லிக் கழட்டிடுப்பா. முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்."

வேலை போய்விடும் என்று பயந்து சீனிவாசன் கழற்றினான். பரசுராமனின் மனைவி அம்சவேணி நம்பவில்லை.

"நேத்து நல்லா எரிஞ்சிக்கினு இருந்தது இன்னிக்கு எப்படிப்பா பீஸாவும்? சூடம் அணைச்சு சொல்லு."

அணைத்தான். அந்த அம்மாள் அவன் கையையே பார்த்தாள்.

"சரிப்பா. பொய்யா இருந்தா அவரே வந்து கேப்பாரு."

அன்று இரவே டியூபைக் கூரத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினான், தன் மாட்டுக்கொட்டகையில் மாட்ட. பெயர் இருந்தால் என்ன, மாடு படிக்கப்போவதில்லை.

அமாவாசை இருட்டு... ஈர வைக்கோல் வாசனை... சைக்கிள் செயின் மட்டும் கறக், கறக். வயலில் நிற்கிற மின்சார டவரின் அடியில் செயின் கழன்றது. இறங்கினான். டியூபை நடுவில் பிடித்து வேல் மாதிரி நிமிர்த்தினான். மேலே எங்கேயோ வண்டு இரைகிற மாதிரி... ங்ங்ங்...

டியூப் எரிந்தது.

ஒயர் இல்லை. சோக் இல்லை. கைக்கு மேலே மட்டும் வெளிறிய வெளிச்சம், கைக்குக் கீழே இருட்டு. மேல் பாதியில் 'உபயம் பட்டு ஜவுளி' என்று கருப்பாகத் தெரிந்தது. கை வியர்த்தது. வழுக்கிக் கீழே இறங்கியது... வெளிச்சமும் கூடவே இறங்கியது. ப... ர... சு...

முரளீதரன் தொண்டையைச் செருமினார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. டியூபுக்குள்ள இருக்கற காத்தை உறிஞ்சிட்டு, துளி வாயுவும் பாதரச ஆவியும் மட்டும் விட்டிருப்பா. அழுத்தம் அவ்வளவு கம்மியா இருந்தா, பக்கத்துல பலமான மின்புலம் இருந்தாலே போதும், வாயு உடைஞ்சு கரண்டைத் தன் வழியா விட்டுடும். ஒளி வரும். மேல ஹைடென்ஷன் கம்பி. இரைச்சலும் அதோடதுதான். கை பிடிச்ச இடத்தோட கரண்டு உடம்பு வழியா பூமிக்கு இறங்கிடறது, அதான் கீழ இருட்டு. பீஸ் போன டியூப் கூட எரியும்."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. பேயை ஊரைவிட்டே அனுப்பிவைத்த பெருமை, இருட்டிலும் அவர் முகத்தில் தெரிந்தது.

கூரத்திலிருந்து சேவை பார்க்க வந்திருந்த மணியம்மாள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். வெற்றிலையைத் துப்பினாள்.

"எந்த வருசம் சாமி இது?"

"அறுபத்தேழு" என்றார் அவர்.

"அந்த டவரு எங்க கொல்லை நெலத்துலதான் நிக்குது. அப்ப வெறும் டவரு மட்டும்தான் நட்டுட்டுப் போனாங்க. கம்பி இழுத்தது மறு வருசம் ஆடியில."

முரளீதரன் துண்டைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டார்.

"டியூப்பு என்னாச்சுபா?" என்று மணியம்மாளே என்னிடம் கேட்டாள்.

சீனிவாசன் விடிவதற்குள் காஞ்சிபுரத்துக்கே திரும்பி ஓடிவந்தான். அம்சவேணியைக் கோயிலுக்கு வரவழைத்தான். டியூப் நல்ல டியூப்தான், செய்தது பொய்ச் சத்தியம்தான் என்று காலில் விழுந்தான். வேலை போனாலும் சரி என்று பழைய இடத்திலேயே மாட்டி, சுவிட்சைப் போட்டான்.

எரியவில்லை. ஸ்டார்ட்டரை மாற்றினான். சோக்கை மாற்றினான்.

பீஸ் போயிருந்தது.