பாத்திரம் கழுவுகிறவளின் பாட்டு

இந்தக் கடையில் தேநீருக்குச் சீனியை அவர்களே போட்டுவிடுவார்கள். வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் இரண்டுக்கும் சீனி இல்லாமல் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமானால் மேசையில் இருக்கிறது.

லண்டனிலிருந்து பாரிசில் வந்து இறங்கி, இந்த ரூ லூயி-பிளாங் தெருவுக்கு நடந்தே வந்துவிட்டேன் என்றீர்கள். உங்கள் தங்கை கோசலையும் நன்றாக நடப்பாள். தொலைபேசியில் நீங்கள் "நான் சுஜாந்தி, கோசலையின்ரை அக்கா கதைக்கிறன்" என்று சொன்னவுடனேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எட்டு ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் என்னுடைய ஆரம்பகால மேடை வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

நான் பாரிசுக்குப் பக்கத்தில் திரான்சியில் வளர்ந்தவள். அப்பா கனகசுந்தரம் உணவகத்தில் சமையல். அம்மா கமலராணி அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். ஏழு வயதில் சென் தெனியில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் மயிலாக ஆடினேன். சனங்கள் கை தட்டினார்கள். அது போதுமாக இருந்தது. பத்தொன்பது வயதில் பாட்டும் நடனமும் நடிப்பும் சேர்த்துச் சொல்லித்தரும் மாலைநேரப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். முதல் சம்பளம் ஒரு கேளிக்கை அரங்கில் கிடைத்தது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நிற்போம். முதுகில் இறகுகள் கட்டிய கம்பிச் சட்டம், நாலு கிலோ இருக்கும். நான் இடப்பக்கத்திலிருந்து பதினோராவது. பிறகு இசை நாடகங்கள் வந்தன. ஒன்றில் பூக்காரி, ஒன்றில் மருந்துக்கடைப் பெண், ஒன்றில் இளவரசியின் தோழி. மூன்றிலும் சேர்த்து எனக்கு ஒன்பது வரிகள். இப்படி ஆறு ஆண்டுகள். எந்தப் பத்திரிகையும் என் பெயரை எழுதவில்லை. நான் குறை சொல்லவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான்.

அந்த ஆறாவது ஆண்டில்தான் கோசலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். உங்களிடம் வருவதற்காகக் கலே துறைமுகத்தில் இங்கிலாந்து போகும் லொறியில் இரண்டு முறை ஏற முயன்று, முடியாமல் பாரிசுக்குத் திரும்பியிருந்தாள். அப்பா வேலை செய்த உணவகத்தில் வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும் சேர்ந்தாள். தங்க இடமில்லை என்றதும் அப்பா கூட்டிவந்துவிட்டார். என் அறையிலேயே படுத்தாள். அவளுடைய அகதிக் கேசை நான்தான் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். இருபத்திரண்டு பக்கங்கள். போர் முடிந்தபின் அடைத்துவைத்த முகாமில் அவளுக்கு நடந்தது, வெளியே வந்த பிறகு மறுபடியும் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனபோது நடந்தது. லண்டனில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை என்றாள். நானும் சொல்லப்போவதில்லை. திரும்பிப் போனால் அவளுக்கு என்ன நடக்கும் என்பதை இந்த நகரத்தில் என்னைவிடத் தெளிவாக அறிந்தவர் எவரும் இல்லை என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் மார்செல் என்ற நெறியாளர் ஒரு புதிய இசை நாடகத்துக்கு ஆள் தேடினார். கதை முழுவதும் ஒரு உணவகச் சமையலறையில் நடக்கும். பாத்திரம் கழுவும் ஒரு தமிழ்ப் பெண்தான் நாயகி. இரண்டாம் பாதியில் அவள் தனியாக ஏழு நிமிடம் தமிழில் பாட வேண்டும். ஒரு சொல்லும் விளங்காமலே சபை சிரிக்க வேண்டும். இது எனக்காகவே எழுதப்பட்டது என்று நினைத்தேன். தேர்வுக்குப் போகும்போது துணைக்குக் கோசலையைக் கூட்டிப்போனேன். அன்று அவளுக்கு வேலை இல்லை.

நான் பாடினேன். பிழையில்லாமல் பாடினேன். மார்செல் மரியாதையான மனிதர். நன்றாக இருக்கிறது, ஆனால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த கோசலையைப் பார்த்து, அவளுக்குப் பாட வருமா என்று கேட்டார்.

"என்ன கேக்கிறார் அக்கா?"

"உனக்குப் பாடத் தெரியுமோ எண்டு கேக்கிறார். சும்மா ஏதாவது பாடிவிடு, போவம்."

அவள் எழுந்து, மேசையில் இருந்த கோப்பையை எடுத்து, மேற்சட்டை நுனியால் தேய்த்துக்கொண்டே பாடினாள். அது சமையலறையில் அவளாகக் கட்டிய பாட்டு. 'முதலாஞ் சட்டியிலை மீன் வாசம், ரெண்டாஞ் சட்டியிலை என்ரை வாசம், மூண்டாஞ் சட்டியிலை முதலாளி முகம் தெரியுது, தேய்ச்சாலும் போகுதில்லை, தேய்ச்சாலும் போகுதில்லை.' முதலாளி எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள், அவர் போய்விட்டதுபோல் கோப்பையில் துப்பினாள். மார்செல் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினார். பியானோவுக்கு முன் இருந்தவர் அவளோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். நானும் சிரித்தேன். அது உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அந்தப் பாத்திரம் அவளுக்குப் போயிற்று. எனக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒத்திகையில் அவளுக்கு மொழிபெயர்ப்பது. அவளுக்கு ஏதாவது ஆனால் மாற்றாக மேடையேறுவது. யூலை தொடக்கத்தில் சிறிய அரங்கில் மூன்று காட்சிகள் போட்டுப் பார்ப்பது, நவம்பரில் பெரிய அரங்கில் தொடங்குவது என்று திட்டம். பெரிய அரங்கின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவளுக்கு வதிவிட அட்டை வேண்டும், கேஸ் வென்றால்தான் அது கிடைக்கும். அதுவரை பொறுப்போம் என்றார் மார்செல். கோசலை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்கள் கூட்டிக்கொண்டு போனபடியால்தானே அக்கா" என்றாள்.

அவளுடைய கடிதங்கள் எங்கள் விலாசத்துக்குத்தான் வரும். பகலில் அவள் வேலையில் இருப்பதால், பதிவுத் தபால்களை நான் எடுக்கலாம் என்று தபால் கந்தோரில் எழுதிக் கொடுத்திருந்தாள். யூன் இருபதாம் தேதி அகதி அலுவலகத்தின் கடிதத்தைக் கையெழுத்திட்டு எடுத்தேன். வாசலில் நின்றே உடைத்துப் படித்தேன். கேசை நிராகரித்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று இருந்தது.

யூலைக் காட்சிகளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இப்போது சொன்னால் அவள் நொறுங்கிவிடுவாள், காட்சிகள் முடியட்டும் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பார்கள். கடிதத்தை என் சலங்கைப் பெட்டியில் வைத்தேன்.

மூன்று காட்சிகளிலும் சபை எழுந்து நின்றது. ஒரு பத்திரிகையில் அவளுடைய படம் வந்தது. அம்மா அதை வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினார். என்னுடைய படத்தை ஒட்டும் சந்தர்ப்பம் அம்மாவுக்கு அதுவரை வந்ததில்லை. அதற்காக நான் அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

யூலை பதினான்கு இங்கே தேசிய நாள். காலையில் போர் விமானங்கள் நகரத்துக்கு மேலே தாழப் பறக்கும். நாங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் தெருவில் நின்றோம். சத்தம் கேட்டதும் கோசலை நிறுத்தியிருந்த ஒரு காருக்குக் கீழே போய்விட்டாள். இருபத்து மூன்று வயதுப் பெண். நான் குனிந்து அவளுடைய கையைப் பிடித்து வெளியே எடுத்தேன்.

"பயப்பிடாதை. இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லை."

"தெரியும் அக்கா. உடம்புக்குத்தான் தெரியுதில்லை," என்று சிரித்தாள். முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது. தண்ணீர்ப் போத்தலால் கழுவிவிட்டேன்.

மேன்முறையீட்டுக்கு அன்றைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் எப்படிப் போயின என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்கப் போனேன். புதன்கிழமை பல் வைத்தியரிடம் போனேன். வியாழக்கிழமை மாலை நாட்காட்டியைப் பார்த்தேன். முடிந்திருந்தது.

அதன் பிறகு சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அவள் கிழமைக்கொரு முறை "கடிதம் ஏதும் வந்ததோ அக்கா?" என்று கேட்பாள். "இன்னும் இல்லை" என்பேன். கேஸ் முடியும்வரை தங்கத் தந்த தற்காலிகத் தாள் இன்னும் செல்லும், யாராவது மறித்தால் அதைக் காட்டு என்றும் சொல்லியிருந்தேன்.

ஒக்ரோபர் மாதம் ஒரு மத்தியானம், லா சப்பல் மெற்றோ வாசலில் பொலிஸ் மறித்தபோது அவள் அதைத்தான் காட்டினாள். அது இனிச் செல்லாது என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பரிசோதனைக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை நான் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடுப்பு நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். ஒரு உதவி அமைப்பின் வழக்கறிஞர் இருந்தார். இளம் பெண், நல்லவர். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை என்பதால் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். சிறிய அறை, மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும்.

வழக்கறிஞர் வழக்குத் தாள்களைப் பார்த்துச் சொன்னார்: நிராகரிப்புக் கடிதத்தை யூன் இருபதாம் தேதி யாரோ கையெழுத்திட்டு எடுத்திருக்கிறார்கள். இவர் எடுத்தாரா? இவருடைய கைக்கு அது வரவில்லையென்றால் நீதிபதியிடம் போராட எனக்கு ஒரு வழி இருக்கிறது. கேளுங்கள்.

கோசலை என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுறா அக்கா?"

"கேசை ரிஜெக்ட் பண்ணிப் போட்டாங்களாம். கடிதம் தபாலிலை துலைஞ்சு போச்சாம். இனி ஒண்டும் செய்யேலாதாம்."

"துலைஞ்சு போச்சோ?" என்று கேட்டாள். நான் வழக்கறிஞரிடம் திரும்பி, பிரெஞ்சில், 'தானே கையெழுத்திட்டு எடுத்ததாகச் சொல்கிறாள், பயத்தில் கிழித்துப் போட்டுவிட்டாளாம்' என்றேன். வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்தார். நீங்கள் பையில் கொண்டுவந்திருக்கும் குறிப்பு அன்று அவர் எழுதியதுதான். கடிதத்தை எடுத்ததற்கான தபால் கந்தோர்ச் சீட்டின் நகலும் சரியானது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

நான்காம் நாள் அவளை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் விசாரித்தார்கள், விட்டார்கள். முல்லைத்தீவுக்குப் போனாள். பெப்ரவரியில் மறுபடியும் விசாரணைக்கு வரச்சொல்லி வீட்டுக்கு ஆள் வந்தது. சைக்கிளில் போனாள். அதற்குப் பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மா எனக்குச் செய்தி சொன்னபோது உடை அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். கைகளை விரித்தபடி நின்று கேட்டேன். அன்று மாலைக் காட்சி வழக்கம் போல நடந்தது. எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அதற்கு முன், திட்டமிட்ட அந்த நவம்பரிலேயே, பெரிய அரங்கில் நான்தான் மேடையேறியிருந்தேன். முதல் மூன்று கிழமை சபை குறைவாகத்தான் சிரித்தது. பிறகு அவள் கோப்பையைப் பிடிக்கும் விதம் எனக்கு வந்துவிட்டது. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. இப்போது சுவரொட்டியில் என் பெயர் நாடகத்தின் பெயருக்கு மேலே வருகிறது. ஆரம்ப நாட்களைப் பற்றிப் பேட்டிகளில் கேட்பார்கள். இறகுகளைப் பற்றிச் சொல்வேன்.

தண்ணீர் குடியுங்கள். அவசரமில்லை.

சற்று முன் நீங்கள் கேட்டீர்கள்: "அவள் உங்களை நம்பினவள். கடைசியா என்ன சொன்னவள்?" அதையும் சொல்கிறேன். அந்த அறையில் வழக்கறிஞர் எழுந்து போன பிறகு, எங்களுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கோசலைக்குப் பிரெஞ்சு வராது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் இரண்டு ஆண்டு சமையலறையில் நின்றவளுக்கு இலக்கங்கள் தெரியும், மாதங்கள் தெரியும், 'கையெழுத்து' என்ற சொல்லும் தெரியும். இருபது, யூன், கையெழுத்து. யூன் மாதம் தபால் கந்தோருக்குப் போனவள் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அழவில்லை. மேசையில் கிடந்த என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனி என்ரை பாட்டை நீங்கள்தானே பாடப்போறியள், அக்கா," என்றாள்.

"ஓம்," என்றேன்.

அவ்வளவுதான். எல்லாம் விளங்கிய பிறகும் அவள் என்மேல் கோபப்படவில்லை. தன் வாயாலேயே பாட்டை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதனால்தான், சுஜாந்தி, அதை நான் அவளிடமிருந்து எடுத்தேன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.