சுருளிராஜன் கையில் நான் தோற்ற பேரம்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும், நான் தடம் மாறிப் பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுவதாக முன்கூட்டியே எச்சரித்திருக்கும், தண்டவாளத் தொழிலாளர் சங்கத் தலைவி அம்மையார் கஸ்தூரியம்மாள் அவர்களே! மழை மிரட்டியும் மார்க்கையன்கோட்டையிலிருந்து மினிபஸ் பிடித்து வந்திருக்கும் மாண்புமிகு பெரியோர்களே! களையெடுத்த களைப்போடு கூட்டத்துக்கு வந்து, என் பேச்சிலாவது கொஞ்சம் கண்ணயரலாம் என்று காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் உத்தமபாளையம் நூர் முகம்மதுவின் உள்ளம் நிறைந்த சலாம், உவகை பொங்கும் வணக்கம்!

வாசலில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறீர்கள். "நீதியின் நெடுங்கோபுரமே!" என்று எழுதியிருக்கிறது. என் மனைவி லத்திபா அதை அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, கோபுரம் சுகர் மாத்திரை போட்டுருச்சா?" என்றாள்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானென்ன நீதிபதியா? நான்கு சட்டம் படித்தவனா? மாட்டுத் தரகில் முளைத்து, வாழைத்தாரில் வளர்ந்து, ஏலக்காயில் எழுந்து நின்றவன். எனக்குப் பேரம் தெரியும். நியாயம் தெரியுமா என்று கேட்டால், அதற்கும் ஒரு பேரம் பேசிப் பார்ப்பேன்!

அப்படிப்பட்ட என்னை எதற்கு நடுவராகப் போட்டார்கள்? கதை இதுதான். போடிப் பாதையில் தண்டவாளம் மாற்றும் வேலையை ஒப்பந்தம் எடுத்தவர் வேல்பாண்டி. அவரிடம் வேலை பார்த்தவர் தம்பி சுருளிராஜன். தண்டவாளம் கையில் விழுந்து வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியவரிடம், "உன் கவனக்குறைவு, இனி வராதே" என்று சொல்லிவிட்டார் ஒப்பந்தக்காரர். சங்கம் கொதித்தது. வழக்கென்று போனால் வருடங்கள் ஓடும். ஆகவே ஒரு நடுவரை வைப்போம், அவர் சொல்லுக்கு இருவரும் கட்டுப்படுவோம் என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்தார்கள்.

வேல்பாண்டி என் பெயரைச் சொன்னார். முதலாளியை முதலாளி விட்டுக்கொடுக்க மாட்டான் என்ற கணக்கு. சங்கம் ஏன் சம்மதித்தது? தலைவியிடமே கேட்டேன். "வேற யாரும் சும்மா வரமாட்டேன்னுட்டாக பாய்" என்றார். இதுதானய்யா உங்கள் நெடுங்கோபுரத்தின் அஸ்திவாரம்!

பழனிசெட்டிபட்டி கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. கறுப்புக் கோட்டுப் போடட்டுமா என்று லத்திபாவிடம் கேட்டேன். "வேணாங்க, பேண்டு வாசிக்க வந்திருக்காகன்னு நெனைப்பாக" என்றாள். வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாகப் போனேன். மருத்துவச் சான்றை மணியான குரலில் வாசித்தேன்.

வேல்பாண்டி எழுந்தார். "கடப்பாரை பிடிக்க முடியாதவன வச்சு நான் என்ன பாய் செய்ய? ஏதோ கொடுத்து அனுப்பிருவோம். நீங்களே ஒண்ணு பேசி முடிங்க."

ஆகா! பேசி முடிப்பதா? அது என் பிறவித் தொழிலாயிற்றே! சுருளிராஜனை ஓரமாக அழைத்தேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். அந்தப் பழக்கம் அப்படியே முந்திக்கொண்டது. அவர் கை மேல் துண்டைப் போட்டேன். உள்ளே கையை விட்டேன். விரலைத் தேடினேன். இல்லை. மறுபடியும் தேடினேன். இல்லை!

"என்னத்தத் தேடுறீக பாய்?" என்றார் சுருளிராஜன். "அது அங்கன தண்டவாளத்துலயே போச்சு."

காலையில் அந்த மருத்துவச் சான்றைக் கூடம் அதிர வாசித்தவன் நான்! வாய் வாசித்தது, மண்டைக்குள் ஏறவில்லை. அந்தத் தம்பி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டை எடுக்கவும் கை வரவில்லை.

"எதைக் கொடுத்தாத்தான்யா ஒத்துக்குவ?" என்றேன்.

"எம் பொண்டாட்டி கிருபாவதி விடியமுன்ன ஜீப்புல ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போறா பாய். அது திரும்புற சத்தம் கேக்குதான்னு நான் வீட்டுல உக்காந்திருக்கேன். நீங்க எவ்வளவு கொடுத்தாலும் அங்கனதான உக்காந்திருக்கணும்? எனக்கு வேலையக் கொடுங்க."

அப்போதுதான் ஐயா நான் விசாரிக்கவே தொடங்கினேன். "தண்டவாளம் எப்படி நழுவுச்சு?"

"கிட்டக்க ரயில் சத்தம். எல்லாரும் பதறி விட்டுட்டாக. நான் விடல."

விட்டவர்களுக்கு விரல் இருக்கிறது. விடாதவருக்குக் கவனக்குறைவாம்! ரயில் வந்தால் தூரத்திலேயே பார்த்து விசில் ஊத ஓர் ஆள் நிற்க வேண்டுமே? வேல்பாண்டியைக் கேட்டேன். "அன்னைக்கு விசில்காரன் எங்க?"

"ஆள் பத்தல பாய். அவனையும் தூக்க விட்டுட்டோம்."

"இப்ப யாரு ஊதுறா?"

"இன்னும் யாரையும் போடல பாய்."

"அப்ப அந்த எடம் காலியாத்தான இருக்கு? கண்ணும் காதும் நல்லா இருக்கிற ஆள் இந்தா நிக்கிறாரு. எதுக்கு வெளியில தேடுறீக?"

"பாய், நீங்க வியாபாரி. நம்ம பக்கமில்ல நிக்கணும்?"

"வியாபாரிதான் தம்பி. தார் நசுங்கிப்போச்சுன்னா லாரியில ஏத்துன ஆளத் திட்டுவேன். வாழைப்பழத்தையா திட்டுவேன்?"

யாரப்பா அது கைதட்டுவது? பொறுங்கள். தீர்ப்பை எழுதினேன்: நீக்கியது செல்லாது, வீட்டில் உட்கார வைத்த காலத்துக்கும் கூலி உண்டு, விசில்காரராக மீண்டும் வேலை. வேல்பாண்டி முறைத்தார், முணுமுணுத்தார், முடிவில் கையெழுத்துப் போட்டார்.

ஒன்று கேட்கிறேன் உங்களை! ஊரை ஓட்டும் ரயிலுக்குத் தோள் கொடுத்தவனை ஓரத்தில் ஒதுக்கலாமா? கை கேட்டபோது கை கொடுத்தவனை, கை போனதும் கைவிடலாமா? உழைத்து உடைந்தவனை உதறிவிட்டு உயர்ந்த முதலாளி எவனையாவது இந்தப் பள்ளத்தாக்கு பெருமையாகப் பேசியதுண்டா? என்னிடமும் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்!

என்னய்யா, "சுருளிய மேடை ஏத்துங்க" என்கிறீர்களா? ஏற்றத்தான் நினைத்தேன். மாலையும் வாங்கி வைத்தேன். வேலை நடக்கும் தண்டவாளத்துக்கே நேரில் போய் அழைத்தேன். நின்றுகொண்டே பதில் சொன்னார். பார்வை என் மேல் இல்லை, பாதையின் மேல் இருந்தது.

"கோவிச்சுக்காதீக பாய். சாயங்காலம் மதுரை ரயில் வரும். ஆளுக தண்டவாளத்துல நிப்பாக. நான் எப்படி வர?"

வாழ்க்கையில் என் அழைப்பைத் தட்டிய ஒருவரை நான் வாழ்த்திவிட்டு வந்தது அன்றுதான். முதல் வரிசையில் சகோதரி கிருபாவதி இருக்கிறார். மாலை அவர் கைக்குப் போகட்டும். பொறுத்துக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. இந்த நேரத்தில் தண்டவாளத்தில் நிற்கும் அத்தனை பேரும் பத்து விரலோடு வீடு திரும்ப என் வாழ்த்து. வணக்கம்!