அம்மன் மஞ்சளும் நீலக் கோடும்

மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கழுத்து தீய்ந்ததுபோல் கறுத்திருந்தது. அதன்மேல் நீலக் கோடுகள்.

"கோயில் மஞ்சளும் எனக்கு வேணாம் மச்சாள்," என்றாள் அவள்.

"ஏன்கா? கழுத்து எரியுது எண்டாய். பூசினா குளிரும்."

"புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்கிற இடத்தில ஒண்டும் பூசக் கூடாதாம். பூசிக் கழுவி இந்தக் கோடு அழிஞ்சா, கதிர் விலகி நல்ல சதையில பட்டுரும். நோய் அப்பிடியே கிடக்கும்."

"அப்ப தீ மிதிப்பு? மஞ்சள் பூசாம இறங்க ஏலாதே. அம்மனுக்கு நேத்திக்கடன் வைச்சிருக்காய்."

அவள் சேலைத் தலைப்பைக் கோட்டில் உரசாமல் ஒதுக்கிவிட்டாள்.

"அம்மன்ட தீ அடுத்த வருசமும் எரியும் மச்சாள். அதில இறங்க நான் இருக்க வேணும்."